பதினெட்டு விநாடிப் புறக்கணிப்பு

என் எழுத்து தேசிய அளவில் கவனம் பெற்றது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பாதி எழுத்து. மீதிப் பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டிய ஆள் கையில் கிடைத்தால் ஏதாவது பத்திரிகையில் ஆசிரியர் வேலைக்குச் சிபாரிசு செய்வேன். இருபத்தைந்து வருடமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். என் வாக்கியத்தை இத்தனை நேர்த்தியாக யாரும் திருத்தியதில்லை.

எழுத்தில் காப்பிச் செலவுகூடத் தேறாது என்பதால், பிழைப்புக்கு ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். வீடு நன்னிலத்திலிருந்து பைக்கில் கால் மணி நேரம். கிழக்குத் தெரு என்று பெயர். தெருவுக்கு மேற்கே வயல், கிழக்கேயும் வயல், நடுவில் ஒரு தார்ச்சாலை. அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையும் வயலோடு சேர்த்திதான்.

அந்த வருடம் தாளடி அறுப்பு முடியும் நேரத்தில் மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்துக்கு நெல்லை எடுத்துப் போனவர்களை எல்லாம் ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாம் நாள் வெயில் வந்தது. வெயிலைப் பார்த்ததும் தெருவே நெல்லைச் சாலையில் கொட்டியது. இதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. சாலையில் பாதியை வண்டிகளுக்கு விட்டுவிட வேண்டும். மறுபாதியில் நெல்லைப் பரப்பி, சக்கரம் ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைக்க வேண்டும். தூரத்திலேயே தெரிய ஒரு குச்சியில் துணி கட்டி நட வேண்டும். பிறகு அரை மணிக்கு ஒரு தரம் நெல்லுக்குள் இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிட வேண்டும். நாலைந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பேச்சுமூச்சில்லாமல் அப்படி நடப்பார்கள். வெயிலில் பேசத் தெம்பிருக்காது.

அன்றைக்கு நெல் அங்கன்வாடி அக்காவுடையது. எங்கள் தெரு அங்கன்வாடியை நடத்துகிறவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஓய்வுபெற இன்னும் நாலு வருடம். கணவர் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பயிர் செய்கிறார். தேர்தல் வந்தால் அக்காவுக்கு இன்னொரு வேலையும் சேரும்: எங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர். அதாவது வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யார் செத்தார், யார் கல்யாணமாகிப் போனார், யார் சிங்கப்பூரில் இருக்கிறார் என்று பார்த்து, வீடு வீடாகப் போய் வாக்காளர் சீட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவர். வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருந்தது. பாதித் தெருவுக்குச் சீட்டு கொடுத்துவிட்டு, மீதிப் பாதியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நெல் கிளறிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் லுத்தரன் குடும்பம். லெந்து என்ற நோன்பு நாட்கள் நடந்துகொண்டிருந்தன. நாற்பது நாளைக்கு வாட்ஸப் பார்ப்பதில்லை என்று மனைவி முன்னால் தீர்மானம் எடுத்திருந்தேன். நோன்பிருப்பவரைச் சோதிக்கச் சாத்தான் வனாந்தரத்துக்குத்தான் வருவான் என்று நினைத்தேன். மதகுக்கு வந்தான். போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன்.

சரியாக அந்த நேரம் தேர்தல் பறக்கும் படையின் ஜீப் வந்தது. அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். ஜீப் நின்றது. அத்தோடு என் போனில் இடம் தீர்ந்துவிட்டது. உறவினர்கள் அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கங்களை நான் அழிப்பதில்லை, மனசு கேட்காது. ஆக, பதினெட்டு விநாடி.

அந்தப் பதினெட்டு விநாடியைப் பள்ளித் தோழர்கள் குழுவில் போட்டு, கீழே இரண்டு வாக்கியம் எழுதினேன்.

"எங்கள் தெரு தேர்தலைப் புறக்கணிக்கிறது. காரணம், வெயில் நன்றாக அடிக்கிறது."

மூன்று பேர் சிரித்தார்கள். அதில் ஒன்று, அதே பள்ளியில் படித்த என் மனைவியின் போனிலிருந்து நானே போட்டது.

மறுநாள் மாலை, பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் என் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். "அண்ணே, ஒங்க ஏரியாவுல ஏதோ கலவரமாம். வெளில போகாதீங்க, பத்திரம்." திறந்தேன். என்னுடைய வீடியோ. கீழே ஆங்கிலத்தில்: தமிழகக் கிராமம் தேர்தலைப் புறக்கணிக்கிறது, அதிகாரிகள் விரட்டியடிப்பு. என் முதல் வாக்கியம் இருந்தது. வெயில் மறைந்துவிட்டது.

ஆறு மணிக்கு ஒரு தேசியச் செய்தி அலைவரிசையில் ஓட ஆரம்பித்தது. பெயர் சொல்லப் போவதில்லை. எல்லா அலைவரிசைக்காரர்களும் பக்கத்து அலைவரிசை என்று நினைத்துக்கொள்ளட்டும். திரையில் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒருவர். அக்கா கையை உயர்த்துவதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஓரத்தில் வைத்த கல்லைச் சுற்றி சிவப்பில் வட்டம் போட்டு, "கற்கள் குவிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்" என்றார் நெறியாளர். குச்சியில் கட்டிய துணி கறுப்பாகிவிட்டது எங்கள் கெட்ட நேரம். அது அக்காவின் பழைய குடைத்துணி. கறுப்புக்கொடி என்றார்கள். நெல்லுக்குள் காலை இழுத்து நடந்த பெண்கள், "மௌன ஊர்வலம்." ஒரு கட்டத்துக்காரர் இது காவிரிப் பிரச்சினை என்றார். இன்னொருவர் வெளிநாட்டுச் சதி என்றார். மூன்றாவது ஆள் தென்னிந்தியாவே தனியாகப் போகப் பார்க்கிறது என்று கத்தினார். போகட்டும், வரைபடத்தில் அம்புக்குறி போட்டு எங்கள் ஊரைக் காட்டினார்கள். நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலுக்குள்.

நான் சிரித்தேன். நிறைய சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுரைக்கு விஷயம் கிடைத்த சந்தோஷம்.

அடுத்த நாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கையில் மெமோ. தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவிலிருந்து. வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்துகொண்டே தேர்தல் புறக்கணிப்பில் கலந்துகொண்டதாகவும், பறக்கும் படையை மறித்ததாகவும் தெரியவருவதால், மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் பணியிடை நீக்கத்துக்குப் பரிந்துரைக்கப்படும். சீட்டுக் கட்டையும் பட்டியலையும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"இருபத்தெட்டு வருஷம் தம்பி. ஒரு நாள் லேட்டுன்னு கையெழுத்துல சிவப்பு விழுந்ததில்ல. இப்ப நான் நாட்டுக்கு எதிரியாம். எங்க நாத்தனா மெனக்கெட்டு போன் போட்டுக் கேக்கறா."

"தப்பு என்னோடதுக்கா."

"அது தெரியாமயா வந்திருக்கேன்? ஒங்களால வந்தது, நீங்கதான் எழுதிக் குடுக்கணும். எழுத்தாளருதானே?"

"ஏங்க, இந்தத் தடவையாவது புரியறாப்ல எழுதுங்க," என்றாள் என் மனைவி, உள்ளிருந்து.

அன்று கல்லூரிக்கு லீவு போட்டு நாலு பக்கம் எழுதினேன். நெல்லின் வரலாற்றில் ஆரம்பித்தேன். சோழர் காலத்துக் களங்களைத் தொட்டேன். ஜனநாயகத்தின் வேர்கள் என்று ஒரு பத்தி; அங்கதம் என்ற இலக்கிய வகை பற்றி ஒன்றரைப் பக்கம். அக்கா பொறுமையாகக் கேட்டார். குழந்தைகள் பாட்டுச் சொல்லும்போது கேட்பாரே, அந்தப் பொறுமை.

"இதுல நான் எங்க வர்றேன்?"

"மூணாவது பக்கத்துக் கடைசியிலக்கா."

"அதுக்குள்ள தாசில்தார் மேடம் ரிட்டயர் ஆயிடுவாங்க. தம்பி, நீங்க என்ன எழுதுனாலும் அது நம்ம வாய்வார்த்தை. அவங்ககிட்ட இருக்கறது வீடியோ. வீடியோவுக்கு வீடியோதான் பதில். ஒங்க போன்ல மிச்சம் இருக்கா?"

ரோஜாப்பூ விஷயத்தைச் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சொல்லாமல் விட்ட வார்த்தைகள் எனக்கு நன்றாகக் கேட்டன.

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "இருங்க. அந்த ஜீப்புல பின்னாடி ஒருத்தர் கேமராவ வச்சிக்கிட்டு எறங்கினாரே. வெளுத்த சட்டை, தொப்பை. ஆரம்பத்துலேருந்து எடுத்துக்கிட்டேதான் இருந்தாரு."

இத்தனை புத்தகம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. பறக்கும் படை எங்கே போனாலும் ஒரு வீடியோக்காரரும் கூடவே போக வேண்டும் என்பது விதி. எதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று அரசாங்கத்தில் தனி ஆள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களைத்தான் நாள் கூலிக்கு அமர்த்துவார்கள். வெளுத்த சட்டை, தொப்பை என்றதும் எனக்கு ஆளும் தெரிந்துவிட்டது. என் கல்யாணத்தை எடுத்தவரே அவர்தான். என் முகம் ஒரு இதய வடிவத்துக்குள் சுழன்று சுழன்று வந்து மனைவியின் நெற்றியில் மோதுவது அவருடைய கைவண்ணம்.

நன்னிலத்தில் அவர் கடைக்குப் போனோம்.

"எடுத்தேன் சார், முழுசா எடுத்தேன். ஆனா கார்டு என்கிட்ட இருக்காது. ஷிஃப்ட் முடிஞ்சதும் கவர்ல போட்டு ஒட்டி தாலுகா ஆபீஸ்ல குடுத்துடணும். குடுத்துட்டேன்."

"அவங்க பாக்கலியா?"

"யாரு பாப்பாங்க? தினம் எட்டு மணி நேரம் ரோட்டையும் ஜீப்பு கண்ணாடியையும் எடுத்துக் குடுக்கறேன். இந்த மாதிரி போரான படம் நான் வாழ்க்கையில எடுத்ததில்ல. ஒங்க கல்யாணத்துல கூட நடுவுல ஒரு சண்டை வந்துது."

ஆக, அக்காவின் வேலையைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி, மெமோ அனுப்பிய அதே அலுவலகத்தின் பீரோவில், ஒட்டிய உறைக்குள், யாரும் பார்க்காமல் கிடந்தது. என் இரண்டு புத்தகங்களும் மாவட்ட நூலகத்தில் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கின்றன என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்தது.

மூன்றாம் நாள் காலை தாலுகா அலுவலகம். தாசில்தார் மேடம் தூங்கி இரண்டு நாள் ஆனவர் போல இருந்தார். அக்கா என் நாலு பக்கத்தை எடுத்து வரவில்லை. ஒரே ஒரு தாளில், தன் கையெழுத்தில், ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: அன்றைய தினம் பறக்கும் படை எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பறக்கும் படை ரிப்போர்ட்ல குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதும் இல்லைன்னுதாம்மா இருக்கு. டெல்லி டிவில பூகம்பம்னு காட்டறான். மேலேருந்து போன் மேல போன். நான் எதை நம்பறது?"

"எதையும் நம்ப வேணாம் மேடம். போட்டுப் பாருங்க. நான் நின்னுக்கிட்டே பாக்கறேன்."

உறையைப் பிரித்தார்கள். கம்ப்யூட்டரில் போட்டார்கள். முதலில் இருபது நிமிடம் ஜீப்பின் முன்கண்ணாடியும் ஓட்டுநரின் காதும். அதை வேகமாக ஓட்டிவிட்டார்கள். பிறகு எங்கள் தெரு வந்தது. கல், குடைத்துணி, நெல், நடக்கும் பெண்கள். அக்கா கையை உயர்த்துகிறார். இதுவரை நாடு பார்த்தது. இதற்கு மேல் நாடு பார்க்காதது.

ஜீப் நின்றதும் அக்கா ஓடி வந்து, "ஐயா, ஒரு நிமிஷம், எதுக்கால லோடு வண்டி வருது, சைடு பத்தாது, நான் நெல்ல ஒதுக்கித் தர்றேன்," என்று சொல்லிவிட்டு, பலகையால் தன் நெல்லையே ஓரமாகத் தள்ளி ஜீப்புக்கு வழி விடுகிறார். மற்ற பெண்கள் கல்லை நகர்த்துகிறார்கள். அதிகாரி இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அக்கா ஒரு சொம்பு நீர்மோர் கொண்டுவந்து நீட்டுகிறார்.

"வேணாம்மா. டியூட்டில வாக்காளர்கிட்டருந்து எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது."

"வேட்பாளர்கிட்டதானய்யா வாங்கக் கூடாது? நான் வாக்காளர்தான். ஒங்க பட்டியலே என்கிட்டதான் இருக்கு." இடுப்பிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டுகிறார். "மோர் வேணாம்னா, ஒங்க வீட்டு அட்ரஸ சொல்லுங்க, ஒங்களுக்குச் சீட்டு வந்துச்சான்னு பாப்போம்."

அதிகாரி சிரிப்பது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அலுவலகத்தில் மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். அவர்களும் சிரித்தார்கள். மேடம் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டபோது கேமரா மெல்லத் திரும்பியது. மதகு வந்தது. மதகின் மேல் நான். கேமராவுக்கும் எனக்கும் இடையில் என் வயிறு. போனில் தட்டித் தட்டி எழுதிக்கொண்டே உரக்கப் படிக்கிறேன்: "அக்கா, கேளுங்க, எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க. எங்கள் தெரு தேர்தலைப் புறக்கணிக்கிறது. காரணம், வெயில் நன்றாக அடிக்கிறது!" சொல்லிவிட்டு நானே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறேன். படத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி வானத்தைப் பார்க்கிறார். அக்கா நெல்லைத் தள்ளிக்கொண்டே, திரும்பாமல், "இதெல்லாம் ஒரு ஜோக்கா தம்பி?" என்கிறார்.

அலுவலகத்தில் அப்போது கிளம்பிய சிரிப்பு மாதிரி ஒன்று, நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் கிளம்பியதில்லை. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் போடுங்க," என்றார். போட்டார்கள்.

அரை மணி நேரத்தில் உத்தரவு தட்டச்சானது. அக்கா மீதான மெமோ ரத்து. உடனே பணிக்குத் திரும்பலாம். அதில் எனக்கும் ஒரு வரி கிடைத்தது: "மேற்படி வாசகம் அன்னார் நகைச்சுவை நோக்கில் எழுதியது எனத் தெரியவருகிறது." விமர்சகர்கள் பலர் இருபத்தைந்து வருடமாக மறுத்துவந்ததை அரசாங்கம் முத்திரை குத்தி ஒப்புக்கொண்டது. நகல் கேட்டேன். கொடுத்தார்கள். சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். மனைவி, "'எனத் தெரியவருகிறது'ன்னு கொஞ்சம் சந்தேகமாத்தான் போட்டிருக்காங்க," என்றாள்.

மாவட்டத் தேர்தல் அலுவலகம் அந்த முழு வீடியோவை வெளியிட்டது. முதல் வீடியோ ஓடிய அதே வேகத்தில் இதுவும் ஓடியது என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை, ஆனால் நடந்தது. எங்கள் தெருப் பெண்கள் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு, நாத்தனார் வீடு, சம்பந்தி வீடு, துபாய், மலேசியா என்று ஒரு வீடு விடாமல் அனுப்பினார்கள். சீட்டு கொடுப்பதைப் போலவே, வந்துவிட்டதா, பார்த்தாயா, யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். நாலாம் நாள் பட்டுக்கோட்டையிலிருந்து எனக்கே வந்தது: "அண்ணே, அதுல மதகு மேல ஒரு ஆளு ஒக்காந்திருக்கான் பாருங்க, செம காமெடி." அந்தத் தேசிய அலைவரிசை திரையின் அடியில், தங்கத்தின் விலைக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில், ஒரே ஒரு வரி ஓட்டியது. வாக்குப்பதிவு அன்று செய்தியாளர் ஒருவரை நேரிலும் அனுப்பியது. இந்த முறை கடலுக்குள் போகாமல் சரியாக எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தார்.

அன்று காலை ஏழு மணிக்கே வரிசை பள்ளி மதிலைத் தாண்டிவிட்டது. வீடியோவில் நடந்த பெண்கள் அத்தனை பேரும் முதல் ஆளாக, அதே முக்காட்டோடு வந்திருந்தார்கள். வாசலில் மேசை போட்டு, பட்டியலை விரித்து, அக்கா உட்கார்ந்திருந்தார். வந்தவர் பெயரைப் பார்த்து, வரிசை எண் சொல்லி, ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன பெரிம்மா, ஊர்வலமா வந்தீங்க?" "ஆமாண்டி, மௌன ஊர்வலம், ஒங்கிட்டதான் பேசக் கூடாதாம்." வரிசை முழுக்கச் சிரிப்பு. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே சிரித்தார்கள். கூட்டணிக்கு வாய்ப்பில்லாத இரண்டு கட்சிகள்.

நான் செய்தியாளரிடம் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலை ஒன்பது மணியிலிருந்து அவரை நான்தான் விடவில்லை. தார்ச்சாலையைக் காட்டினேன், மதகைக் காட்டினேன், கல்லின் பயன்களை விளக்கினேன். ஆங்கிலத்தில் ஒரு தரம், எனக்கு வராத இந்தியில் ஒரு தரம். மதியச் சாப்பாடு போட்டேன். பிற்பகலில் வேறு இரண்டு அலைவரிசைக்காரர்களும் வந்து சேர, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தெருவில் ஓட்டுப் போடாதவர் ஒருவர்கூட இல்லை என்று மூன்று மைக்குகளுக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

ஐந்தரை மணிக்கு அந்தச் செய்தியாளர், கடைசிக் காட்சி ஒன்று வேண்டும் என்றார். "சார், உங்கள் மை வைத்த விரலைக் கேமராவுக்குக் காட்டுங்கள்."

காட்டினேன். விரல் சுத்தமாக இருந்தது.

நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார், கேமராவும் பார்த்தது. அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தம்பி!"

அக்கா பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளியிலிருந்து நடந்தே வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"பட்டியல்ல கெழக்குத் தெரு பேருக்கெல்லாம் டிக்கு போட்டாச்சு. செத்தவங்க ரெண்டு பேரு, வெளிநாட்டுல இருக்கறவங்க ஏழு பேரு, அவங்களுக்கு வட்டம் போட்டாச்சு. ஒரே ஒரு பேருதான் சும்மா நிக்குது. யாருன்னு பாத்தா நீங்க. ஊர்லயே தேர்தலைப் புறக்கணிச்ச ஒரே ஆளு நீங்கதான்."

மூன்று கேமராவும் திரும்பின. இந்த முறை முழுசாக எடுத்துக்கொண்டார்கள்.

"அக்கா, வந்து, இவங்ககிட்ட பேசிக்கிட்டே..."

"பேசுனது போதும். ஆறு மணிக்குக் கதவச் சாத்திடுவாங்க. ஓடுங்க."

ஓடினேன். எங்கள் தெரு என்னை ஓடிப் பார்த்ததில்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று கைதட்டினார்கள். "சாருக்கு வெயில் எறங்கிடுச்சு, இப்பத்தான் வர்றாரு!" என்று யாரோ கத்த, தெருவே அதிர்ந்தது. என் நகைச்சுவை எங்கள் தெருவில் முதன்முதலாக எடுபட்டது அப்போதுதான். சொன்னது நான் இல்லை என்பது ஒரு சின்ன விஷயம்.

கதவு சாத்த ஆறேழு நிமிடம் இருக்கும்போது உள்ளே போனேன். விரலில் மை வைத்த ஊழியர், "நீங்கதான அந்த மதகு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொத்தானை அழுத்தினேன். நீளமாக ஒரு சத்தம் வந்தது.

வெளியே வந்தபோது அக்கா மேசைக்குத் திரும்பிவந்து உட்கார்ந்திருந்தார். விரலை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் நகத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பட்டியலில் என் பெயருக்கு நேராக, மற்றதையெல்லாம் விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டிக் போட்டார்.